வாசி இல்லாத காசு

சென்ற ஆண்டு ஆடி மாதம் சென்னையிலிருந்து என் பழைய மாணவி கோல் எடுத்தாள். நலம் விசாரித்து முடிக்கவில்லை, நேரே கேட்டாள்: “டீச்சர், அம்மன் சந்நிதியில பாடுறதுக்குக் காசு கேட்டா பாவமா?”

மலையகத்தில் ஒரு கோயில் திருவிழாவுக்கு அவளைப் பாட அழைத்திருந்தார்கள். வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் கொழும்பிலிருந்து ஆள் கூட்டி வர வேண்டும். பயணச் செலவு, தங்குமிடம், அவர்கள் இருவருக்கும் சன்மானம், கடைசியாகத் தனக்கும் ஒரு தொகை. அதைச் சொன்னதும் அழைத்தவர் கேட்டாராம்: “அம்மனுக்குத்தானே பிள்ளை பாடுறீங்க?” அதற்கு மேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை.

இரண்டு நாள் பொறு, சொல்கிறேன் என்றேன். நாற்பது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சரளி வரிசை சொல்லிக் கொடுத்தவள் நான். சுருதி விலகினால் திருத்தத் தெரியும். இந்தக் கேள்விக்கு என்னிடம் ஆயத்தமாகப் பதில் இருக்கவில்லை. அந்த இரண்டு நாளும் யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது எல்கடுவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். அம்மா கொழுந்து பறித்தவள். மலையில் நிரையில் நின்றபடியே பாடுவாள். எனக்குப் பின்னாளில் இசை கற்பித்த யாழ்ப்பாணத்து டீச்சர் அந்த மெட்டைக் கேட்டுவிட்டு, புன்னாகவராளிக்குப் பக்கத்தில் போகிறது என்றார். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு அவரிடம் படித்த காலத்தில் ஒரே பிழையைத் திரும்பத் திரும்பத் திருத்துவார். “ஏன் பிள்ளை அந்த இடத்தில மூச்சு எடுக்கிறாய்? சொல் உடையுது.” வெகுநாள் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது. இரண்டு கையும் கொழுந்தால் நிறைந்ததும் அம்மா தோளுக்கு மேலே கூடைக்குள் வீசுவாள். வீசும் கணத்தில் பாட்டு நிற்கும், மூச்சு இறங்கும், கை மறுபடி செடிக்குப் போகும்போது பாட்டும் தொடங்கும். அவளுக்குத் தாளம் போட்டது அவள் கை. நான் கேட்டு வளர்ந்தது அந்தத் தாளத்தை.

அம்மாவுக்கு நிறுத்துக் கொடுத்த கொழுந்துக்குப் பேர், அதாவது நாட்கூலி, விழுந்தது. பாட்டுக்கு எதுவும் விழவில்லை. தோட்டத்துக் கோயில் திருவிழா வந்தால் சம்பளத்தில் பணம் பிடிப்பார்கள். பந்தலுக்குக் காசு, மைக்செட்டுக்குக் காசு, பூவுக்குக் காசு. இரவு முழுக்கக் கும்மி பாடிய பெண்களுக்கு ஆளுக்கொரு தேங்காய்ப் பாதியும் திருநீறும். யாரும் இதைக் குறையாகச் சொன்னதில்லை, அம்மாவும் சொன்னதில்லை. சாமிக்குப் பாடுவது சும்மா பாடுவது என்றே எல்லாரும் நம்பினோம்.

என் மாணவி அந்த நம்பிக்கையோடுதான் புலமைப்பரிசிலில் சென்னைக்குப் போனாள். படிப்பு முடிந்தும் அங்கேயே தங்கிவிட்டாள். 1927இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டோடு ஓர் இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்து அடுத்த ஆண்டு மியூசிக் அகாடமி பிறந்தது. மார்கழி சீசன் அதைச் சுற்றி வளர்ந்து, இன்று நகரம் முழுக்கச் சபாக்கள். அந்த ஊரில் வாய்ப்பாட்டுக்காரியின் பிழைப்பு ஒரு ஏணி. கீழ்ப் படியில் மதியக் கச்சேரி, பெரும்பாலும் இலவச அனுமதி, முன்வரிசையில் சில தலைகள். பக்கவாத்தியக்காரருக்குக் கொடுத்தது போக மிச்சம் எதுவும் இராது, சில நாள் கைக்காசும் போகும். மேல் படியில் டிக்கெட் விற்கும் மாலைக் கச்சேரி. இரண்டுக்கும் நடுவே பல வருடம் நிற்க வேண்டும். வாடகைக்கு வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இணையத்தில் வகுப்பு. தொண்டை கட்டினால் வருமானமும் கட்டிக்கொள்ளும். இவ்வளவுக்கும் நடுவே அவள் நாள் முழுக்கப் பாடுவது இறைவன் பெயரைத்தான். கீர்த்தனையின் ஒவ்வொரு வரியும் ராமனையோ முருகனையோ அம்பாளையோ கூப்பிடுகிறது. அந்தக் கூப்பிடுதலுக்கு விலை வைக்கலாமா என்பதுதான் அவள் கேள்வி.

வைக்கக்கூடாது என்பவர்களின் பக்கமும் வலுவானது. தஞ்சை அரசவையின் அழைப்பையும் பொருளையும் தியாகராஜர் வேண்டாமென்று விட்டார், உஞ்சவிருத்தி எடுத்தே வாழ்ந்தார் என்பது இசைக்காரர் வீடுகளில் தாலாட்டைப் போலச் சொல்லப்படும் கதை. குரலைப் பற்றிய பயம் நம் சமயத்தோடு நிற்கவுமில்லை. மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை வீதியில் சிறிது தூரம் போனால் அலுவிகாரை என்ற பௌத்தக் குகைக்கோயில். அங்கே போற்றப்படும் திரிபிடகத்தில் ஒரு சின்னச் சூத்திரம் இருக்கிறது. அறத்தை இழுத்து இழுத்துப் பாட்டாக ஓதுவதில் ஐந்து கேடு உண்டு என்று புத்தர் பிக்குகளுக்குச் சொல்கிறார். ஓதுபவன் தன் குரலில் தானே மயங்குவான், கேட்பவரும் அந்தக் குரலில் மயங்குவார்கள், குரலை அழகுபடுத்தப் பார்க்கையில் மனம் ஒருமை இழக்கும் என்பவை அவற்றில் சில. கிறிஸ்தவத் துறவி அகஸ்தீனும் இதே இடத்தில் தடுமாறினார். மிலான் நகரத்துத் தேவாலயத்தில் பாடல் கேட்டு அழுதவர் அவர். பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரல் என்னை அதிகம் உருக்கினால் அது என் பாவம் என்று பின்னாளில் எழுதினார். அதே மிலானில்தான் 1778இல் லா ஸ்காலா என்ற ஓப்பரா அரங்கு திறந்தது. குரலை நம்பி ஊர்விட்டு வரும் பாடகருக்கு ஐரோப்பாவில் அது பெரிய கனவு. குரலுக்கு அஞ்சி அழுத ஊரே குரலுக்கு விலை கொடுக்கும் ஊராகவும் ஆயிற்று.

இவர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. என் குரலில் நானே மயங்கிய மாலைகள் எனக்கும் உண்டு. ஆனால் இந்த அச்சம் மயக்கத்தைப் பற்றியது, கூலியைப் பற்றியதில்லை. சும்மா பாடுகிறவளும் மயங்குவாள். பாராட்டு என்பதும் ஒரு கூலிதானே.

அலுவிகாரைக் குகைகளுக்கே இன்னொரு தடவை போவோம். அறத்தை அங்கே ஏட்டில் எழுத நேர்ந்தது எதனால்? அதுவரை அது ஓதுவோரின் நாவில்தான் வாழ்ந்தது. வட்டகாமணி அபயன் காலத்தில், கி.மு. முதலாம் நூற்றாண்டில், நாட்டில் போரும் கொடும் பஞ்சமும் வந்தன. மனப்பாடமாகச் சுமந்தவர்கள் பசியில் விழுந்தார்கள். இன்னும் சிலர் போனால் அறமே போய்விடும் என்று அஞ்சி அங்கே எழுதி வைத்தார்கள் என்பது மரபு. ஆயிரக்கணக்கான பக்கம் கொண்ட ஒரு வேதம் சில பேரின் வயிற்றை நம்பியிருந்தது. குரல் உடம்பில் இருக்கிறது, உடம்பு சோற்றில் இருக்கிறது. தோட்டங்களுக்கு வந்த எங்கள் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். ஒவ்வொருவரோடும் எத்தனை தாலாட்டு, எத்தனை கதைப்பாட்டு புதைந்ததோ. அவற்றை எழுதி வைக்க ஒரு குகை இருக்கவில்லை. மலையகத்துக்கு 200 ஆண்டு என்று 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஓகஸ்ட் 12இல் மாத்தளைக்கு வந்து சேர்ந்தபோது இந்த நினைவுதான் என் நெஞ்சை அடைத்தது.

பாடுகிறவரின் பசியைச் சைவம் நன்றாக அறிந்திருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட ராஜராஜன் 48 பேரை வைத்தான். கூடவே உடுக்கைக்கு ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர், ஆக 50 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல். கல்வெட்டில் பெயர் பெயராக வெட்டியிருக்கிறது. ஒருவர் இறந்தால் அடுத்து யார் பாடுவது, அந்த நெல் யாருக்கு என்பதுகூட உண்டு. பதியம் பாடுபவருக்கும் பக்கத்தில் கொட்டுபவருக்கும் ஒரே அளவு. ‘சிவனுக்குத்தானே பாடுகிறாய்’ என்று அந்த அரசன் கேட்கவில்லை.

எனக்குப் பதில் கிடைத்தது சேக்கிழாரிடம். திருவீழிமிழலையில் பஞ்சம். சம்பந்தரும் அப்பரும் அடியார் கூட்டத்தோடு அங்கே தங்கியிருக்கிறார்கள். பஞ்சம் தீரும்வரை இருவருக்கும் நாளுக்கொரு பொற்காசு தருவதாக இறைவன் கனவில் சொல்கிறார். கிழக்குப் பீடத்தில் சம்பந்தருக்கு, மேற்குப் பீடத்தில் அப்பருக்கு. அப்பர் மடத்தில் உச்சிக்கு முன்னே சோறு ஆகிவிடுகிறது. சம்பந்தர் மடத்தில் பிந்துகிறது. விசாரித்தால், சம்பந்தரின் காசைக் கடைக்காரர்கள் வட்டம் கழித்துத்தான் வாங்குகிறார்கள். அந்தக் கழிவுக்கு வாசி என்று பெயர். அப்பர் காசில் வாசி இல்லை. சேக்கிழார் காரணமும் சொல்கிறார். சம்பந்தர் பிள்ளை, செல்லம். அப்பரோ பாட்டோடு நிற்காமல் உழவாரம் எடுத்துக் கோயில் கோயிலாகப் புல் செதுக்கியவர். அவர் கைத்தொண்டு செய்தார், ஆகவே அவர் காசு முழுக்காசு.

சின்ன வயதில் இதைக் கதாப்பிரசங்கத்தில் கேட்டபோது அப்பரின் பெருமையாக மட்டும் எடுத்துக்கொண்டேன். இப்போது இரண்டு விஷயம் கண்ணில் படுகிறது. முதலாவது, காசு கொடுத்தது இறைவன். பாடுகிற இருவருக்கும் நாள் தவறாமல் கொடுத்தார். இரண்டாவது, சம்பந்தர் பேசாமல் இருந்துவிடவில்லை. குறையில்லாத காசு தா என்று பதிகம் பாடியே கேட்டார், கிடைத்தது. கேட்டதற்காக அவரைக் குறை சொன்ன அடியார் ஒருவரும் இல்லை. பாடுகிறவள் முழுக்கூலி கேட்பதற்கு இதைவிடப் பெரிய முன்னுதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வாசி என்ற சொல்லை நாள் முழுக்க மென்றுகொண்டிருந்தேன். சித்தர் மரபில் வாசி என்றால் மூச்சு. மாத்தளைக் கடைத்தெருவில் காது கொடுத்தால் சிங்களத்தில் வாசி என்பது ஆதாயம். ஒருவருக்குக் கழிவு, மற்றவருக்கு ஆதாயம்: பாடுகிறவளின் மூச்சிலிருந்து கழிகிற காசு வேறு யாருடைய கைக்கோ ஆதாயமாகப் போகிறது. அம்மாவின் தோட்டத்தில் பந்தல்காரருக்கு முழுக்காசு கிடைத்தது. கழிந்தது பாடியவர்களின் பங்குதான். அதைப் பக்தி என்று பெயர் சொல்லி மூடினோம். சும்மா பாடுவதுதான் தூய்மை என்பதைப் பாடுகிறவர் தாமாகச் சொன்னால் அது தவம். கேட்பவர் சொன்னால் அது கூலி பிடிப்பு.

காசு பக்தியைத் தேய்க்கும் என்றால் கே. பி. சுந்தராம்பாள் என்ன ஆவார்? இளவயதில் இலங்கை நாடக மேடைகளில் பாடி வளர்ந்தவர். 1933இல் கணவர் கிட்டப்பா இறந்ததும் வெள்ளைச் சேலை உடுத்தி ஒதுங்கியிருந்தவர், 1935இல் நந்தனாராக நடித்ததற்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார் என்பார்கள். அந்தக் காலத்தில் கேள்விப்படாத தொகை. பிறகு அவர் ஔவையாராகப் பாடியதைக் கேட்டு அழுதவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. எம். எஸ். சுப்புலட்சுமிக்கு 1974இல் மகசேசே விருது கிடைத்தது பொதுச் சேவைக்காக. கச்சேரி கச்சேரியாகத் திரட்டி அறப்பணிகளுக்குக் கொடுத்த பணம் அதன் பின்னால் இருக்கிறது. குரலுக்கு விலை இருந்ததால்தான் கொடுக்க முடிந்தது. அதை நான் அவருடைய உழவாரம் என்பேன்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, காசு வாங்கலாமா என்பதன்று. வாங்கிய காசு முழுக்காசா என்பதுதான். அதற்குச் சோதனை கையில் இருக்கிறது. நாவால் பாடுவதில் எதையாவது கை தாங்குகிறதா? பக்கவாத்தியக்காரருக்கு முதலில் கொடுக்கிறாயா? பாட்டு யாரிடமிருந்து வந்ததோ அவர்கள் பக்கம் உன் கை ஒருமுறையாவது திரும்புகிறதா? திரும்பினால், சபாவில் பாடினாலும் சந்நிதியில் பாடினாலும் அந்தக் காசில் வாசி இல்லை.

மூன்றாம் நாள் அவளுக்கு இதைச் சொன்னேன். “கேளு பிள்ளை. மரியாதையா, முழுசாக் கேளு. அம்மன் கோவிக்க மாட்டா.” கேட்டாள். கொஞ்சம் இழுபறிக்குப் பிறகு ஒத்துக்கொண்டார்கள். வந்து பாடினாள். கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வைத்தே மற்ற இருவருக்கும் எண்ணிக் கொடுத்ததைப் பார்த்தேன்.

மறுநாள் என்னோடு மலைக்கு வந்தாள். அம்மாவுக்குத் தொண்ணூறு நெருங்குகிறது, குரல் போய்விட்டது. லயத்து வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவளின் பக்கத்தில் இவளும் உட்கார்ந்து, என்னிடம் கேட்டுப் பழகியிருந்த அம்மாவின் பாட்டை மெல்ல எடுத்தாள். இரண்டாவது அடியில் அம்மா தலையை ஆட்டி நிறுத்தினாள். சொல்லிக் காட்டக் குரல் வரவில்லை. வலது கையைத் தூக்கி, தோளுக்கு மேலே, இல்லாத கூடைக்குள் எதையோ வீசினாள். இவளுக்கு விளங்கிவிட்டது. அந்த இடத்தில் மூச்சை எடுத்தாள். அம்மா கை மறுபடி வீசியது, மறுபடி மூச்சு. பாட்டு சரியாக இறங்கியது.

எழும்போது வெற்றிலை வைத்து, முதல் நாள் கிடைத்ததில் ஒரு பங்கை அம்மாவின் கையில் கொடுத்தாள்.

“இது எதுக்கு தாயி?”

“பாட்டுக்கு, அம்மாயி.”

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு தாள்களை ஒவ்வொன்றாக எண்ணி, சுருக்குப் பையில் போட்டு, இழுத்துக் கட்டி, இடுப்பில் செருகிக்கொண்டாள்.