கோடரிக்கு ஒரு திர்ஹம்

வரிப்பத்தான்சேனையைப் போன்ற வயல் ஊர்களில் வெள்ளாமை வெட்டி முடிந்ததும் ஸகாத் என்ற கட்டாயக் கொடையின் கணக்கு வந்துவிடும். மழையில் விளைந்த நெல்லில் பத்திலொன்று, செலவழித்து நீரிறைத்து விளைந்ததில் இருபதிலொன்று என்பது மார்க்கச் சட்டம். நூறு மூட்டை கண்டவர் குறைந்தது ஐந்து மூட்டை கொடுத்தாக வேண்டும். அந்த ஐந்தையும் வாசலுக்கு வந்த ஐம்பது பேருக்கு அளந்து போட்டால், கொடுத்தவரின் கடமை தீரும். வாங்கியவரின் வறுமை தீராது. அடுத்த போகத்திலும் அவர்கள் வந்து நிற்பார்கள். கொடுத்தது எவ்வளவு என்பதை விட, வாங்கியவர் மறுபடி கேட்க வேண்டி வந்ததா என்பதே கொடைக்குச் சரியான அளவுகோல்.

இது இன்றைய தொண்டு நிறுவனங்கள் கண்டுபிடித்த கருத்தல்ல. உதவி கேட்டு வந்த ஒருவரின் விரிப்பையும் நீர்ப் பாத்திரத்தையும் நபிகளார் ஏலத்தில் இரண்டு திர்ஹத்துக்கு விற்றுக்கொடுத்த செய்தி அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. ஒரு திர்ஹம் வீட்டுச் சாப்பாட்டுக்கு, மற்றது கோடரிக்கு. அவர் விறகு வெட்டி விற்று, பதினைந்து நாளில் பத்துத் திர்ஹத்தோடு திரும்பினார். நம் ஊர்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவியும், தொழில் தெரிந்தவருக்கு அதன் கருவிகளை வாங்கும் அளவுக்கு ஸகாத் கொடுக்கலாம் என்றே எழுதினார். அப்படியானால் தையல் தெரிந்த விதவைக்கு ஒரு கிலோ அரிசியை விடத் தையல் மெஷின்தான் பொருத்தம்.

பசித்தவர் மெஷின் வரும்வரை காத்திருப்பாரா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் முதல் திர்ஹம் சாப்பாட்டுக்குப் போனது. நோயாளிக்கும் முதியவருக்கும் ஆண்டுதோறும் கொடுத்துத்தான் ஆகவேண்டும். உழைக்கக் கூடியவரையும் அதே வரிசையில் நிறுத்தி வைப்பதுதான் பிழை. சிலருக்கு நிறையக் கொடுத்தால் மற்றவர்களுக்கு இல்லாமல் போகுமே என்பது அடுத்த மறுப்பு. இவ்வருடம் நான்கு குடும்பம் எழுந்து நின்றால், வரும் வருடம் அவர்களின் பங்கு மிச்சம். அது அடுத்தவர்களுக்குப் போகும்.

ஆனால் தொகை பெரிதானால் மட்டும் போதாது. 2004 சுனாமிக்குப் பின் சவூதி உதவியில் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் 500 வீடுகள் கட்டப்பட்டன. யாருக்கு எந்த விகிதத்தில் பங்கிடுவது என்ற தகராறு உயர் நீதிமன்றம் வரை போனது. வீடுகள் பல வருடம் ஆளில்லாமல் காடு பற்றிக் கிடந்தன. கல்லுக்கும் சீமெந்துக்கும் குறைவில்லை. உரிமை யாருக்கு என்பதுதான் முன்கூட்டித் தீர்க்கப்படவில்லை. தையல் மெஷினுக்கும் இதே விதிதான்: அது வாங்கியவரின் சொந்தமாக வேண்டும், பழுதானால் திருத்த வழி இருக்க வேண்டும், தைத்ததை வாங்க ஆள் இருக்க வேண்டும்.

இப்படிக் கொடுக்க ஊரே ஸகாத்தை ஒன்றாகச் சேர்க்க வேண்டுமென்றால், பொறுப்பானவர்களை எப்படி நம்புவது என்பார்கள். நம்பச் சொல்ல வேண்டாம். வரவு செலவை ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் வாசிக்கட்டும். பெற்றவரின் பெயர் வேண்டாம், தொகை போதும். கூடவே, சென்ற வருடம் வாங்கியவர்களில் எத்தனை பேர் இவ்வருடம் வாங்கவில்லை என்ற எண்ணிக்கையையும் வாசிக்க வேண்டும். அது பூச்சியமாக இருந்தால், சேர்ந்த நெல் எத்தனை மூட்டையானாலும், கொடுக்கும் முறையை மாற்றியே ஆகவேண்டும்.