அடுப்படியில் ஓர் அறவினா

பசித்தவனுக்குச் சோறிடுதல் அறமென்பதிற் சமயங்களிடையே கருத்து வேற்றுமை இல்லை. மணிமேகலையின் அமுதசுரபியும் சீக்கியரின் லங்கரும் அதற்குச் சான்று. ஆயின், சமைக்கத் தெரியாதவனுக்குச் சமையல் கற்பித்தல் எவ்வகை அறம்? திருச்சபையொன்று தன் மண்டபத்திலே, மதவேறுபாடின்றி யாவரையும் அழைத்துத் தொடக்கநிலைச் சமையல் வகுப்பு நடத்துமாயின், அது தொண்டா, பிரசாரமா என்ற வினா எழுதல் இயல்பே.

யாழ்ப்பாணத்தில் இவ்வினாவின் வேர் பழையது. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியில் தொடக்ககால மாணவர் சிலர் மிஷன் வளவினுள் உண்ண மறுத்தனர். கல்வியை ஏற்றவர் சோற்றை ஏற்கத் தயங்கினர். சாதியாசாரம் அதற்கு ஒரு காரணம். உண்டவன் உண்பித்தவனுக்குக் கடன்பட்டவனாகிறான் என்ற அச்சமும் அதனுள் மறைந்திருந்திருக்கலாம். சோற்றுக்காக வேதத்திற் சேர்ந்தவர் என்னும் ஏச்சு அவ்வச்சத்தின் மறுவடிவமே.

சமையல் வகுப்பு இக்கடனைக் குறைக்கின்றது. சோற்றுப் பொதி பெற்றவன் மறுநாளும் வாசலில் நிற்கவேண்டும். சொதி வைக்கக் கற்றவனோ, இரண்டாம் பாலிற் காயை அவியவிட்டு, முதற்பால் சேர்த்ததும் பொங்கவிடாது இறக்கி, அதன்பின்பே தேசிக்காய்ப்புளி விடவேண்டும் என்பதை அறிந்து தன் வீட்டிற்குச் செல்கிறான். அவ்வறிவை எவரும் திருப்பிக் கேட்க இயலாது. மனைவியை இழந்த முதியவருக்கும், தொழிலின் பொருட்டு நகரிலே அறையெடுத்துத் தங்கும் இளைஞனுக்கும் அது பிறர் கையை எதிர்பாராத வாழ்வைத் தருகின்றது.

எனினும், கற்பித்தலிலும் இரு குற்றங்கள் நேரலாம். மனிதனை வெறுங் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என 1785இல் வெளிவந்த தம் ஒழுக்கவியல் நூலிலே கான்ட் வற்புறுத்தினார். ஒருவனது தனிமையைத் தூண்டிலிரையாக்கி ஆளைச் சேர்க்கும் வகுப்பு இவ்விதியை மீறுகின்றது. ஞாயிறு ஆராதனைக்கு வராதவனுக்கும் அடுத்த வகுப்பில் அதே வரவேற்புக் கிடைக்கிறதா என்பதே இங்கு சோதனை. மற்றைய குற்றம் வறுமையை அறியாமையென மயங்குதல். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே எரிவாயுச் சிலிண்டருக்காக வரிசையில் நின்ற மக்களுக்குச் சமையலறிவு குறைந்திருக்கவில்லை. எரிபொருளும் வாங்கும் சக்தியுமே குறைந்திருந்தன. அரிசியில்லாத வீட்டிற்குச் செய்முறை கூறுதல் உதவியன்று, அவமதிப்பு. அங்கு சோறே முதற்கடமை.

அவ்வாறாயின் இத்தொண்டைத் தூய்மையாக்குவது யாது? லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்திலே, இயேசுவை வீட்டில் ஏற்ற மார்த்தாள் பணிவிடையில் அலைக்கழிகிறாள். மரியாளோ அவரது காலடியிலிருந்து கேட்கிறாள். இருவருள் எவள் மேலானவள் என்றே பெரும்பாலும் வாதிடப்படுகின்றது. போதிக்க வந்தவர் அவ்வீட்டின் விருந்தினராகவும் இருந்தார் என்பது அவ்வாதத்தில் மறக்கப்படுகின்றது. கொடுப்பவன் பெறவும் அறிந்திருத்தல் வேண்டும்.

எனவே, வகுப்பின் இறுதி நாளிற் கற்பித்தவர் அகப்பையைக் கீழே வைத்து, மாணவன் சமைத்ததை அவனோடு சமமாயிருந்து உண்ணுதல் வேண்டும். அவன் எச்சாதியினன், எம்மதத்தினன் என்ற எண்ணம் அங்கு எழலாகாது. வட்டுக்கோட்டையில் அன்று உண்ணத் தயங்கியவர் மாணவர். இன்று அதே வினா கற்பிப்போரை நோக்கித் திரும்புகின்றது: அவன் கையால் இட்டதை உண்ண அவர் ஆயத்தமா? ஆம் எனின் அவ்வகுப்பு தொண்டு. இல்லையெனின், அங்கு எத்துணை சுவையான கறி கற்பிக்கப்படினும், உயர்ந்தோன் தாழ்ந்தோனுக்கு இடும் பழைய பிச்சையே அது.