குனிந்த தலையும் குறிப்பறிதலும்

திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்னும் தலைப்பு இரண்டு இடங்களில் வருகின்றது. பொருட்பாலில் 71ஆம் அதிகாரம் ஒன்று. இன்பத்துப்பாலில் 110ஆம் அதிகாரம் மற்றொன்று. அரசவையினர்க்கும் காதலர்க்கும் ஒருங்கே வேண்டிய அறிவு, சொல்லாததை முகத்தால் உணரும் அறிவே என்பது இதனால் விளங்கும். இன்று நம் இல்லங்களில் அவ்வறிவு தடுமாறுகின்றது.

முன்னாளில் தந்தையார் நாளிதழை விரித்தால், படிக்கின்றார் என்பது குழந்தைக்கும் தெரியும். தாயார் இன்லண்டுத் தாளை எடுத்தால், ஊருக்குக் கடிதம் எழுதுகின்றார் என அனைவரும் அறிவர். வானொலியைத் திருகினால் பாட்டு வீட்டுக்கே பொதுவாகும். செயலுக்கு ஒரு கருவி. கருவிக்கு ஒரு தோற்றம். கைப்பேசியிலோ, ஊரிலுள்ள அன்னையின் மருந்துச் சீட்டைப் பார்ப்பதும், வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பதும், வீண்பொழுது போக்குவதும் ஒரே தோற்றமுடையன. அருகிலிருப்போர் காண்பது குனிந்த தலை ஒன்றே. காரணம் அறியாத குழந்தை, ‘நம்மை இவர்க்கு வேண்டவில்லை’ என்று முடிவு கட்டிவிடுகின்றது.

மடிக்கணினியின் படக்கருவி இயங்கும்போது அதனருகே சிறு விளக்கொன்று எரிகின்றது. ஜப்பானில் விற்கப்படும் கைப்பேசிகள் படமெடுக்கையில் ஒலி எழுப்புமாறு அமைக்கப்படுகின்றன. அருகிலிருப்பவர் அறியவேண்டும் என்பதே நோக்கம். ஆனால், உடனிருந்தும் உள்ளத்தால் அகன்று செல்வதை அறிவிக்க எந்த விளக்கும் இல்லை. அதற்கு நம் நாவே விளக்காதல் வேண்டும். “பாட்டிக்குப் பணம் அனுப்புகின்றேன், இதோ வந்துவிட்டேன்” என்னும் ஒரு சொல் போதும்.

அவ்வாறாயின் அந்தரங்கம் என்னாவது எனச் சிலர் வினவலாம். கடிதம் வந்ததை நாம் மறைத்ததில்லை. உறையினுள் இருந்ததை எல்லார்க்கும் காட்டியதும் இல்லை. செய்வது இன்னதெனக் கூறினால் போதும். உள்ளிருப்பதைத் திறந்து காட்டவேண்டுவதில்லை. அன்றியும், தானே முன்வந்து கூறுவது அன்பு. மனைவியின் கைப்பேசியையோ வளர்ந்த மகளின் கைப்பேசியையோ வாங்கித் துருவுவது ஆதிக்கம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பெரும்பிழை. ஆதலின் இப்பழக்கம் வீட்டின் பெரியவர்களிடமிருந்தே தொடங்குதல் வேண்டும்.

ஊரைவிட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் வாழும் நமக்கு, உறவின் பெரும்பகுதி அச்சிறு கருவியினுள்ளேதான் இருக்கின்றது. அதனால் அதை நாம் துறத்தல் இயலாது. ஆயினும், “பாட்டியோடா பேசுகின்றீர்கள்?” என்று நம் பிள்ளை கேட்கும்போது, ஆம் என்று சொல்ல இயலாத பொழுதுகள் எத்தனை! செய்வதைச் சொல்ல நா கூசுமாயின், அச்செயலை நிறுத்துவதற்கு வேறு அறிவுரை நமக்கு வேண்டுவதில்லை.