கொடாததைக் கொள்ளலாமோ?

நோயின் மூலத்தை அறியாதவன் மருந்து காண இயலாது. மூலத்தை அறிய, நோயுற்ற செல்களையும் திசுக்களையும் ஆராய்ந்தே தீர வேண்டும். பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் இப்பணி இடையறாது நடைபெறுகின்றது. மருத்துவமும் உயிரியலும் பயிலும் நம் பிள்ளைகளும் அக்கூடங்களுள் நுழைகின்றனர். ஆகவே அங்கு எழும் அறவினா நமக்கு அயலானதன்று. பலர் நலம் பெறுவர் என்பதற்காக, ஒருவர் மனமுவந்து ஈயாத ஒன்றை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாமா என்பதே அவ்வினா.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நிகழ்ந்த ஒன்றை இதற்குச் சான்றாகக் கொள்வோம். 1951-ஆம் ஆண்டு ஹென்ரியெட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி, கருப்பைவாய்ப் புற்றுநோயுற்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு வந்தார். ஐந்து மக்களின் தாய் அவர். சிகிச்சையின்போது கட்டியினின்றும் எடுத்த சிறு துணுக்கு, அங்கு பணியாற்றிய ஜார்ஜ் கை என்பாரின் ஆய்வுக்கூடத்திற்குச் சென்றது. அதற்கு முன்னர் மனிதச் செல்களை உடலுக்கு வெளியே வளர்க்க முயன்றபோதெல்லாம் அவை விரைவில் மடிந்தன. இச்செல்களோ ஏறத்தாழ நாளுக்கொரு முறை இரட்டித்துப் பெருகின. அவ்வம்மையார் அக்டோபர் 4-ஆம் நாள், தம் 31-ஆம் வயதில் மறைந்தார். 'ஹீலா' எனப்பெறும் அச்செல்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்ந்து வருகின்றன. ஆராய்ச்சிக்காக எடுக்கிறோம் என்று அவரிடம் எவரும் சொல்லவில்லை. குடும்பத்தார்க்கு இச்செய்தி எட்டவே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

விளைந்த நன்மையோ பெரிது. ஜோனாஸ் சால்க் கண்ட இளம்பிள்ளைவாதத் தடுப்பூசியின் பயனைச் சோதிக்க 1950-களில் இச்செல்கள் உதவின. 1980-களில் ஹரால்டு சூர் ஹவுசன் என்னும் ஜெர்மானிய அறிஞர், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ் வகைகளைக் கண்டறிந்தார். அவற்றுள் ஒன்று ஹீலா செல்களிலும் இருந்தது. 2008-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். அவ்வைரஸைத் தடுக்கும் ஊசி 2006 முதல் வழக்கில் உள்ளது. ஒரு தாயைக் கொன்ற நோயினின்று இன்று எண்ணற்ற பெண்மக்கள் காக்கப்படுகின்றனர்.

"வெட்டி எறியப்படும் கட்டியால் அவருக்கு என்ன இழப்பு? அக்கால வழக்கமும் அதுதானே? கை அச்செல்களை விற்கவும் இல்லையே, பிற ஆய்வாளர்க்கு இலவசமாகவே அனுப்பினாரே?" எனச் சிலர் வினவலாம். இவை யாவும் உண்மையே. ஆயினும் கொடுக்கப்படாததைக் கொள்ளுதலே களவு என்பது நம் நூல்களின் முடிபு. பொருளின் மதிப்போ, கொண்டவனின் நல்லெண்ணமோ அங்கு அளவுகோல் ஆவதில்லை. கேட்டிருந்தால் ஆய்வு தடைப்பட்டிருக்கும் என்னும் அச்சமும் பொருந்தாது. 2013-இல் அச்செல்களின் மரபணுத் தொகுதி குடும்பத்தாரைக் கேளாமலே வெளியிடப்பட்டது. அத்தொகுதி அவர் வழித்தோன்றல்களின் மரபுச் செய்தியையும் வெளிப்படுத்த வல்லது. எதிர்ப்பு எழுந்தபின், அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் அவர்களுடன் உடன்பாடு கண்டது. அத்தகவலை யாருக்கு அளிப்பது என ஆராயும் குழுவில் குடும்பத்தாரும் இடம்பெற்றனர். அதனால் ஆராய்ச்சி நின்றுவிடவில்லை.

இனி, வாய்பேசாத உயிர்களை நோக்குவோம். சால்க்கின் ஊசியைச் சோதிப்பதற்குக் குரங்குகளைக் கொன்று பெற்ற செல்களுக்கு மாற்றாக ஹீலா பயன்பட்டது. ஆனால் அவ்வூசியைத் தயாரிக்கக் குரங்கின் சிறுநீரகச் செல்களே வேண்டியிருந்தன. செல்களை வளர்க்கும் ஊட்டநீரில் இன்றும் பல கூடங்களில் கன்றின் சீரம் சேர்க்கப்படுகின்றது. சினைப்பசு அறுக்கப்படுகையில், அதன் கருவிலிருக்கும் கன்றின் குருதியினின்று பெறப்படுவது அது. மனிதரையாவது கேட்கலாம், அக்கன்றை எவ்வாறு கேட்பது? கேட்க இயலாத உயிரிடமிருந்து கொள்ளாதிருத்தலே நாம் நாடவேண்டிய நெறி. விலங்குகளுக்கு மாற்றுக் காணுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் என்னும் மூன்று கொள்கைகளை ரஸ்ஸல், பர்ச் என்னும் ஆங்கில அறிஞர்கள் 1959-இலேயே வகுத்தனர். சீரம் கலவாத ஊட்டநீர்களும் இன்று பலவகைச் செல்களுக்குக் கிடைக்கின்றன.

அவ்வாறாயின் இம்மருந்துகளை நாம் மறுக்க வேண்டுமா? வேண்டியதில்லை. நோயுற்ற குழந்தைக்கு மருந்தை மறுத்தலும் இம்சையே. மறுப்பதால் மாண்ட உயிர் மீளப்போவதுமில்லை. ஆனால் பயன் கொண்டவர்க்குக் கடமை உண்டு. அன்னம், ஔடதம், சாத்திரம், அபயம் என நால்வகைத் தானங்களை நம் முன்னோர் இல்லறத்தார்க்கு விதித்தனர். மருத்துவர் நம் திசுவை ஆய்வுக்குக் கேட்டால், படிவத்தைப் படித்து, ஐயங்களைக் கேட்டுத் தெளிந்து, மனமுவந்து ஈவோமாக, அது ஔடததானம். ஆய்வுக்கூடம் புகும் நம் பிள்ளைகள், சீரத்திற்கு மாற்று உண்டா என ஆசிரியரிடம் பணிவுடன் வினவித் தேடுவார்களாக, அது அபயதானம். கொடுப்பவர் பெருகினால், கொடாததைக் கொள்ளும் தேவை குறையும்.