காத்திருப்பதும் ஒரு செயலே

மேல் முன்பற்களுக்கு நடுவே முளைத்த உபரிப் பல்லை எடுத்த பிறகும், அது மறித்திருந்த நிரந்தரப் பல் உடனே வந்துவிடுவதில்லை. வேர் முழுதாக வளராமல், இடமும் போதுமானதாக இருந்தால், பெரும்பாலும் தானாகவே இறங்கிவரும். மாதங்கள் ஆகலாம், சில வேளை ஓராண்டையும் தாண்டலாம். இங்கே எழும் கேள்வி பழையது: இயற்கையின் போக்குக்கு விடுவது பொறுமையா, கடமையைக் கைவிடுவதா? திருக்குறள் ஊழுக்கு ஓர் அதிகாரம், ஆள்வினைக்கு ஓர் அதிகாரம், காலம் அறிதலுக்கும் ஓர் அதிகாரம் வைத்திருக்கிறது. மூன்றாவதை மறந்துவிட்டுத்தான் முதலிரண்டையும் நாம் மோதவிடுகிறோம்.

கண் விழித்திருக்கும் காத்திருப்பே அறம். பக்கத்துப் பற்கள் சாய்ந்து இடத்தை அடைக்காமல் காப்பதும், எக்ஸ்ரேயில் பல் நகர்கிறதா என்று பார்ப்பதும் அதன் பகுதிகள். தானாக வருவதை ஏன் தொட வேண்டும் என்பார்கள். நியாயமான கேள்விதான், குழந்தைக்குத் தேவையற்ற வலி தருவதும் பிழையே. ஆனால் வேர் வளர்ச்சி முடியும் 10 வயதை ஒட்டியும் அசைவே இல்லையென்றால், விதியென்று இருப்பது பொறுமையாகாது. அப்போது ஈறைத் திறந்து, பல்லில் சிறு பிடிப்பு ஒட்டி, மெல்ல இழுத்துக் கொண்டுவரும் சிகிச்சை இருக்கிறது. காத்திருக்கச் சொல்லும் மருத்துவரிடம், எதுவரை, எதைக் கவனித்தபடி என்று பெற்றோர் கேட்க வேண்டும்.