தொடாத காபி

நள்ளிரவில் சமையலறைக்கென்று ஓர் அமைதி உண்டு. பகலெல்லாம் ஆவியும் ஓசையுமாக இருந்த இடம், பாத்திரங்கள் கவிழ்ந்து, அடுப்பு அணைந்து, தன்னோடு தானே இருக்கிறது. உறக்கம் வராத இரவுகளில் நாம் எப்படியோ அங்கேதான் போய்ச் சேர்கிறோம். தாகம் என்று ஒரு காரணம் சொல்லிக்கொள்கிறோம். தண்ணீர் குடித்த பிறகும் அங்கேயே நிற்கிறோம்.

1956 ஜனவரி மாதக் கடைசியில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மாண்ட்கோமரி நகரத்து வீடு ஒன்றின் சமையலறைக்கு அப்படி ஒருவர் வந்து சேர்ந்தார். டெக்ஸ்டர் அவென்யூ பாப்டிஸ்ட் சபையின் போதகர். பெயர் மார்ட்டின் லூதர் கிங். வயது 27. பேருந்தில் தங்களுக்கு நேர்ந்த இழிவைப் பொறுக்க மாட்டாமல், அந்த ஊரின் கறுப்பின மக்கள் பேருந்தையே விட்டுவிட்டு நடக்கத் தொடங்கி ஏழு வாரங்கள் கடந்திருந்தன. அவர்களை முன்னின்று நடத்தும் பொறுப்பு இந்த இளைஞரின் தோளில் விழுந்திருந்தது. அன்றிரவு தொலைபேசி அடித்தது. மூன்று நாளில் ஊரை விட்டுப் போகாவிட்டால் வீட்டைத் தகர்த்துவிடுவோம் என்றது ஒரு குரல். இப்படிப்பட்ட மிரட்டல் அவருக்குப் புதிதில்லை. ஆனாலும் நிரம்பிய குடத்துக்கு ஒரு துளி போதும்.

படுத்துப் பார்த்தார், கண் மூடவில்லை. எழுந்து வந்து காபியைச் சுட வைத்தார். கோப்பையை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே மனைவி கொரெட்டாவும் இரண்டு மாதக் குழந்தை யோலண்டாவும் உறங்கிக்கொண்டிருந்தார்கள். கோழை என்று பெயர் வாங்காமல் இதிலிருந்து எப்படி நழுவுவது என்றுதான் அப்போது யோசித்துக்கொண்டிருந்தேன் என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். அந்தக் காபியை அவர் தொடவே இல்லை.

அந்தத் தொடாத கோப்பையின் முன்னால் நாமும் கொஞ்ச நேரம் உட்காரலாம். அவசரம் ஒன்றும் இல்லை.

கிங்கின் அப்பா போதகர். தாத்தா போதகர். கொள்ளுத்தாத்தாவும் அப்படியே. பாப்டிஸ்ட் சபைகளில் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. ஒருவர் தானே நம்பி, தானே முன்வந்து, தண்ணீருக்குள் முழுக வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் முழுக முடியாது. ஆனால் மனித மனம் எந்த ஏற்பாட்டுக்குள்ளும் ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடித்துவிடும். சிறுவனாக இருந்தபோது தான் சபையில் சேர்ந்ததற்குக் காரணம் பக்தி இல்லை, அக்கா முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டாள், அவளை முந்த விடக்கூடாது என்பதுதான் காரணம் என்று கிங் சிரிப்போடு ஒப்புக்கொண்டிருக்கிறார். நம்மில் பலருடைய நம்பிக்கையும் இப்படி வந்ததுதானே. வீடு வந்ததுபோல், பெயர் வந்ததுபோல், பக்தியும் வழிவழியாக வந்தது. அதில் குற்றம் ஒன்றும் இல்லை. தாத்தா வைத்த மரத்தின் நிழலும் நிழல்தான்.

ஆனால் அன்றிரவு அந்த நிழல் போதவில்லை. அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்றால் அவர் 175 மைலுக்கு அப்பால் அட்லாண்டாவில். அம்மாவை எழுப்பி அழவும் வழியில்லை. ஆகவே தலையைக் கைகளில் தாங்கியபடி, அந்த மேசைமேல் குனிந்து, வாய்விட்டுப் பேசினார். நான் நிற்பது சரியான பக்கம் என்றுதான் நம்புகிறேன், ஆனால் பயமாக இருக்கிறது, என் பலம் தீர்ந்துபோயிற்று, தனியாக என்னால் முடியவில்லை. சாரம் இவ்வளவுதான். ஞாயிறு தவறாமல் பிரசங்கம் செய்கிறவரின் ஜெபம் போலவே இல்லை. ஓர் அலங்காரம் இல்லை, வசனம் இல்லை. இறையியலில் முனைவர் பட்டம் வாங்கியவர் கடைசியில் சொல்ல முடிந்தது ஒரு குழந்தை சொல்வதை.

முடியவில்லை என்று சொன்ன இடத்தில்தான் அது வந்தது. எதன் பக்கம் நிற்கிறாயோ அதன் பக்கமே நில், நான் உன்னோடு இருக்கிறேன் என்று உள்ளே ஒரு குரல் கேட்டதுபோல் இருந்ததாம். பயம் மெல்ல விலகியதாம்.

வெளியே எதுவும் மாறவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். தொலைபேசி அங்கேதான் இருந்தது. மறுபடி அடிக்கவும் செய்யும். ஜனவரி 30-ஆம் தேதி இரவு, அவர் கூட்டத்தில் பேசப் போயிருந்த நேரத்தில், வீட்டு முகப்பில் குண்டு வெடித்தது. மனைவியும் குழந்தையும் பின்னறையில் இருந்ததால் பிழைத்தார்கள். கொதித்துப்போய் ஆயுதங்களோடு திரண்ட தன் மக்களிடம், உடைந்த முகப்பில் நின்று, ஆயுதங்களை வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று அமைதியாகச் சொன்னார். அமைதி வேண்டும் என்று நாமும் நாள்தோறும் கேட்கிறோம். உற்றுப் பார்த்தால், நாம் கேட்பது பெரும்பாலும் தொலைபேசி அடிக்காமல் இருக்க வேண்டும் என்பதைத்தான். இவருக்குக் கிடைத்தது மணி அடித்துக்கொண்டே இருக்கும் வீட்டில் தங்கியிருக்கும் அமைதி.

எனக்கு அந்தச் சமையலறையை நினைக்கும்போதெல்லாம் கிறிஸ்துமஸ் நினைவு வருகிறது. அந்தக் கிறிஸ்துமஸ் கதையின் நடுவில் இருப்பது என்ன? தலை நிற்காத ஒரு சிசு. அதற்கு அழத் தெரியும், வேறொன்றும் தெரியாது. சர்வவல்லவர் என்று நாம் பாடுகிறவர் வந்த கோலம் அது. பக்கத்திலேயே ஏரோது மன்னனின் மிரட்டலும் இருக்கிறது. இரவோடு இரவாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடிய தாயும் தகப்பனும் இருக்கிறார்கள். நாம் குடிலைச் சோடிக்கிற வேகத்தில் இந்தப் பகுதியைச் சற்று ஓரமாக ஒதுக்கிவிடுகிறோம். நட்சத்திரம் கட்டி, கேக் வெட்டி, கேரல் ரவுண்ட்ஸ் போய், டிசம்பர் முடிவதற்குள் தொண்டை கட்டிக்கொள்கிறது. போதகர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். களைத்துப்போயிருக்கிறேன் என்று சொல்ல அவர்களுக்கு மட்டும் அந்த மாதத்தில் அனுமதி இல்லை.

சபை என்பதே அந்த அனுமதிக்காகத்தானே. 1954-இல் டெக்ஸ்டர் சபைக்குப் போனதும் கிங் செய்த சிறு ஏற்பாடு ஒன்று உண்டு. சபையார் அவரவர் பிறந்த மாதத்தின்படி பன்னிரண்டு குழுக்களாக இருக்க வேண்டும் என்றார். படித்தவர், படிக்காதவர், இருப்பவர், இல்லாதவர் என்ற கணக்கெல்லாம் அங்கே செல்லாது. ஜனவரியில் பிறந்தவர்கள் ஜனவரிக்காரர்கள், அவ்வளவுதான். தனியாக முடியவில்லை என்று ஒருவர் சொன்னால் கேட்பதற்குப் பக்கத்தில் நாலு பேர் இருக்க, இதைவிட எளிய வழி எனக்குத் தோன்றவில்லை.

பக்கத்தில் ஒருவர் இருப்பதன் அருமைக்கு இன்னொரு காட்சி. 1959 பிப்ரவரியில் கிங்கும் கொரெட்டாவும் இந்தியாவுக்கு வந்தார்கள். கன்னியாகுமரிக்கும் போனார்கள். கரையோரப் பாறையில் உட்கார்ந்து, சூரியன் கடலுக்குள் இறங்குவதைக் கிங் பார்த்துக்கொண்டிருந்தார். நெருப்புப் பந்து அமிழ்ந்து, இருட்டு கவியத் தொடங்கியது. அப்போது கொரெட்டா அவரைத் தொட்டு மறுபக்கம் பார்க்கச் சொன்னார். அங்கே கடலிலிருந்து நிலா எழுந்துகொண்டிருந்தது. பௌர்ணமியையொட்டி அங்கே நின்றவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். ஊருக்குத் திரும்பி, தன் சபையில் இதைச் சொன்னபோது, ஒரு வெளிச்சம் மறையும் வேளையிலும் இருளில் ஒளிர இறைவனிடம் இன்னொரு வெளிச்சம் உண்டு என்பதாக அவர் அதை விளக்கினார். எனக்குப் பிடித்தது கொரெட்டாவின் விரல்தான். மேற்கையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு நிலா தானாகத் தெரிவதில்லை. யாராவது தொட வேண்டியிருக்கிறது.

1967 டிசம்பர் 24 அன்று, அட்லாண்டாவில் எபெனேசர் பாப்டிஸ்ட் சபையில், அப்பாவோடு தானும் போதகராக இருந்த பிரசங்க மேடையில், கிறிஸ்துமஸ் செய்தி கொடுத்தார். பொருள், சமாதானம். அதில் ஒரு காலைப் பொழுதை விவரித்தார். குளிக்கக் கையில் எடுக்கும் கடற்பஞ்சு பசிபிக் தீவுக்காரர் தந்தது, சோப்பு பிரெஞ்சுக்காரர் தந்தது, குடிக்கும் காபி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. காலை உணவு முடிவதற்குள் பாதிக்கும் மேற்பட்ட உலகத்தை நம்பி நின்றுவிடுகிறோம் என்றார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கோப்பையின் எதிரில் தனியாக என்னால் முடியவில்லை என்று முறையிட்டவர், அதே காபியைக் காட்டி, யாருமே தனியாக இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். சமத்துவம் பற்றிய தன் கனவு பலமுறை துர்க்கனவாக மாறியதைக் கண்டதாகவும் அன்று மறைக்காமல் சொன்னார். ஆனாலும் கனவை விடவில்லை என்றார். அதுதான் அவருடைய கடைசி கிறிஸ்துமஸ். 1968 ஏப்ரல் 4 அன்று மெம்பிஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 39.

இந்தக் கிறிஸ்துமஸ் இரவில், பாட்டெல்லாம் ஓய்ந்து, வந்தவர்கள் போய், வீடு உறங்கிய பிறகு, சமையலறை விளக்கைப் போட்டுச் சற்று உட்காருங்கள். எது முடியவில்லையோ அதை முடியவில்லை என்றே சொல்லுங்கள். நல்ல வார்த்தை தேட வேண்டாம். காபி ஆறினால் ஆறட்டும்.