எழுதியதும் படித்ததும்

(திருவண்ணாமலை, கிரிவலப் பாதை. யமலிங்கத்தைத் தாண்டி ஒரு திண்ணை. குரு, ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர். சீடர், செவிலியர் படிப்பு மாணவி.)

சீடர்: மரபணுவில் எழுதியபடிதான் உடம்பு நடக்கும் என்கிறார்களே ஐயா, தலைவிதி என்பது அதுதானா?

குரு: எழுதியதெல்லாம் நடந்துவிடாது அம்மா. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறாயே, அதையே எடுத்துக்கொள். செல்லுக்குள் கட்டின்றித் திரியும் இரும்பு நஞ்சு. அதை அடைத்துவைப்பது ஃபெரிட்டின் என்ற புரதம். 24 துண்டுகள் கூடிய கூடு, சுமார் 4,500 இரும்பு அணுக்கள் வரை கொள்ளும்.

சீடர்: இரும்பு வந்த பிறகுதான் மரபணு அதை எழுதத் தொடங்குமா?

குரு: அதுவரை யார் காத்திருப்பது? தூது ஆர்.என்.ஏ. ஏற்கெனவே தயார். படிக்கத்தான் விடுவதில்லை. புரதக் குறிப்பு தொடங்குமுன், ஜவ்வாது மலைச் சாலையில் வருவதுபோல ஒரு கொண்டை ஊசி வளைவு. இரும்பு குறைந்தால் ஐ.ஆர்.பி. என்ற புரதம் அதைப் பற்றிக்கொள்ளும். ஆர்.என்.ஏ.வைப் படிக்கும் ரைபோசோம் ஏற முடியாது. இரும்பு பெருகினால் பிடி விடும்.

சீடர்: ஆக, அந்த வளைவு ஒரு தடை.

குரு: அவசரப்படாதே. இரும்பை உள்ளே கொண்டுவரும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியின் ஆர்.என்.ஏ.விலும் அதே வளைவுதான், ஐந்து இடத்தில். ஆனால் வால் பக்கம். அங்கே ஐ.ஆர்.பி. பற்றினால் ஆர்.என்.ஏ. சிதையாமல் நிற்கும், ஏற்பி கூடும். தலையில் தடை, வாலில் காவல்.

சீடர்: இரும்பு குறைந்ததை ஐ.ஆர்.பி.க்கு யார் சொல்வது?

குரு: யாரும் இல்லை. ஐ.ஆர்.பி.1 என்ற வகைக்குள் நான்கு இரும்பும் நான்கு கந்தகமும் கொத்தாக அமர்ந்தால் அது அகோனிட்டேஸ் நொதி; சிட்ரேட்டை மாற்றப் போய்விடும். கொத்து கழன்றால் ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கும்.

சீடர்: ‘நான் யார்’ என்று கேட்கச் சொன்ன ரமணர் ஊரில் கேட்காமல் இருக்க முடியுமா? நொதியா, ஆர்.என்.ஏ.வைப் பிடிப்பதா, உண்மையில் அது யார்?

குரு: இரண்டுக்கும் அடியில் மூன்றாவதாக ஒன்று ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வேதாந்திகள் சண்டைக்கு வரட்டும்.

சீடர்: வளைவு கெட்டுப்போனால்?

குரு: 1995இல் பிரான்சிலும் இத்தாலியிலும் அப்படிக் குடும்பங்களைக் கண்டார்கள். ஃபெரிட்டின் குறிப்பில் பிழையே இல்லை. வளைவில் ஒரே ஓர் எழுத்து மாற்றம். ஐ.ஆர்.பி. பிடிக்க முடியாமல் ஃபெரிட்டின் கணக்கின்றிப் பெருகி, சிறு வயதிலேயே கண்புரை. இரும்போ மிகுதியில்லை. இரும்பைக் குறைப்பதாக நினைத்து இரத்தம் எடுத்தால் சோகைதான் வரும். ஆகவே, ஃபெரிட்டின் ஏறிய பரிசோதனைத் தாளோடு யாராவது வந்தால், வீட்டில் இளம் வயதில் யாருக்காவது கண்புரை வந்ததா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடு.